விதைப் போத்தல்

ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்த அறிவித்தல் ஒட்டப்பட்டு ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. "இதற்குள் உணவு வைக்கக் கூடாது. குறிப்பாக மீன்." கடைசிச் சொல்லின் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு வேறு. ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் மீன் தின்கிறவர்கள்தான், வெள்ளிக்கிழமை மட்டும் சைவம். ஆனால் கடற்கரைக் குருநகரிலிருந்து வருகிறவள் ஒருத்திதான். சிவப்புக் கோடு யாருக்கு என்று அவளுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

அவள் ஜெனிற்றா. தகப்பன் கனிசியஸ் கடலுக்குப் போகிறவர். பௌதிகவியலில் முதல் வகுப்பு எடுத்துக்கொண்டு, மானிப்பாய் வீதியில் இருக்கும் அந்தச் சின்ன ஆய்வுநிலையத்துக்கு முதுதத்துவமாணி ஆய்வுப் பட்டம் செய்ய வந்தவள். ஆய்வுப் பொருள் நாகவொட்சைட்டு மென்படலம். தாய் செபஸ்தியம்மாவிடம் சொன்னபோது அவ கையில் எடுத்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டா.

"நாகமோ? பாம்பையோ பிள்ளை ஆராயப் போறாய்?"

"பாம்பில்லை அம்மா. வாளிக்கு மேலை பூசுற நாகம். அதைக் கண்ணாடியிலை கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாப் பூசினால், பழுதான மீன் மணம் பட்டவுடனை அதுக்குள்ளாலை போற மின்சாரம் மாறும். மீன் பழுதோ நல்லதோ எண்டு மீற்றரிலை பாக்கலாம்."

"அதுக்கு மூக்குக் காணாதோ?" என்று கேட்டுவிட்டுத் தாய் மறுபடி மீனை வெட்டத் தொடங்கினா.

மூக்குக் காணாது என்பதை ஜெனிற்றா பிறகு தான் பட்டே படித்தாள். அதற்கு முதல் படிகத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் படலம் என்பது உண்மையில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறுகோணக் குச்சிகள். எல்லாக் குச்சியும் கண்ணாடியின் மேல் நிமிர்ந்து நின்றால் படலம் நல்லது. சரிந்தும் படுத்தும் கிடந்தால் குப்பை. நிற்கிறதா கிடக்கிறதா என்று பார்க்க எக்ஸ்கதிர் அடித்து ஒரு வரைபு எடுப்பார்கள். வரைபில் பக்கம் பக்கமாக மூன்று கூர் எழும்பும். நடுவில் இருப்பது மட்டும் எழும்பி மற்ற இரண்டும் காணாமற் போனால், அத்தனை குச்சியும் நிமிர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். அந்த எக்ஸ்கதிர் இயந்திரம் கொழும்பில் இருந்தது. கண்ணாடித் தகடுகளைப் பஞ்சில் சுற்றித் தபாலில் அனுப்பிவிட்டு ஒரு மாதம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க வேண்டும்.

இந்தக் குச்சிகளை நிமிர்த்துவதில் பேராசிரியர் பஞ்சலிங்கத்துக்கு ஒரு கொள்கை இருந்தது. முதலில் ஒரு விதைப்படலம், அதன் மேல்தான் மற்றப் பூச்சுகள். விதைப்படலத்துக்கான கரைசலை எட்டு வருடத்துக்கு முன் அவர் தன் கையாலேயே கலக்கி, மண்ணிறப் போத்தலில் ஊற்றி, தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் வைத்திருந்தார். அந்தப் போத்தலுக்கு இருந்த மரியாதை அங்கே வேலை செய்த மனிதர்களுக்கு இருக்கவில்லை.

"படிகத்துக்கும் பரம்பரை இருக்கு," என்பார் பேராசிரியர். "அடிப்படலம் எப்பிடியோ, அப்பிடித்தான் மேலை வளருறதும். அடி சரியில்லாததை என்னதான் சூடாக்கினாலும் நிமிர்த்தேலாது." இதைச் சொல்லும்போது அவருடைய கண் வகுப்பறை முழுவதும் உலாவிவிட்டு எங்கே வந்து நிற்குமோ அங்கே வந்து நிற்கும். முன்வரிசையில் இருந்தவர்கள் குனிந்து குறிப்பு எடுத்தார்கள். எடுக்கத்தானே வேண்டும், மதிப்பெண் அவர் கையில்.

ஜெனிற்றா வந்த முதல் கிழமையே அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் விதைக் கரைசலைத் தொடவேண்டாம். நிருஷன் பூசித் தருவான். நீர் மேல் வேலையைப் பாரும்."

"ஏன் சேர்? நானும் பழகிக்கொள்ளுறன்."

"கடற்கரைப் பக்கத்தாலை வாற ஆக்களின்ரை கையிலை உப்பு இருக்கும். சோடியம். தோலிலை ஊறினது, கழுவினாலும் போகாது. ஒரு துளி பட்டால் காணும், படிகத்தின்ரை திசை குழம்பிப்போம்."

கேட்டீர்களா நியாயத்தை? கையுறைகள் பெட்டி பெட்டியாக அலுமாரியில் அடுக்கிக் கிடந்தன. கழுவித் துடைத்து வைக்கிற அந்தக் கண்ணாடித் தகட்டுக்குள்ளேயே சோடியம் கொட்டிக் கிடக்கிறது. அவருடைய கோப்பாய் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளை மிதித்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். ஆனால் உப்பு மட்டும் குருநகர்ப் பெட்டையின் கையில்தான். பழைய நாளில் கிணற்றடியில் 'தொடாதே' என்று சொன்னதை இந்த மனிதர் இரசாயனக் குறியீடு போட்டுச் சொன்னார், அவ்வளவுதான். ஜெனிற்றா அன்றைக்கு "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வழிகாட்டியான அவருடைய கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை.

நிருஷனுக்கு முப்பத்திரண்டு வயது. ஆய்வுகூடத்தின் நிரந்தர உதவியாளன், பேராசிரியருக்கு மனைவி வழியில் மருமகன் முறை. ஆவணியில் அவள் படலம் போடத் தொடங்கியதிலிருந்து திங்கட்கிழமை தோறும் ஒரு பெட்டியில் தகடுகளைக் கொண்டுவந்து வைப்பான். அவள் தன் கொப்பியில் எழுதிக்கொள்வாள்: "விதைப்படலம் உண்டு. பூசியவர் நிருஷன்." வெள்ளிக்கிழமை தோறும் பேராசிரியர் அந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்து வைப்பார்.

அவள் வந்து மூன்று நாலு மாதத்தில் குளிர்சாதனப் பெட்டி நாறத் தொடங்கியது. பழுதான மீன் நாற்றம். கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் மூக்கைச் சுழித்துக்கொண்டு ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அந்தப் பெட்டிக்குள் ஒருநாளும் ஒன்றும் வைத்ததில்லை. சொல்லியும் பார்த்தாள். "நாங்கள் உம்மைச் சொல்லேல்லையே," என்றார்கள், சிரித்துக்கொண்டு. அடுத்த நாள் கதவில் அறிவித்தல் வந்தது.

அதன் பிறகு அவள் செய்ததை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மதியத்துக்குச் சோறும் மீன்குழம்பும் கட்டி வந்தவள், பாணும் சம்பலும் கொண்டுவரத் தொடங்கினாள். காலையில் இரண்டு தரம் தலை முழுகினாள். பஸ்ஸில் இருந்து இறங்கியவுடன் ஆய்வுநிலையத்துக் குழாயில் சவுக்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்தாள். தேய்த்துவிட்டு, யாரும் பார்க்காத நேரம் தன் விரல்களைத் தானே மணந்து பார்த்தாள். தாய் பாசத்தோடு கன்னத்தைத் தடவ வந்த ஒருநாள், "மீன் கை அம்மா, தள்ளுங்கோ," என்று சொல்லிவிட்டாள். செபஸ்தியம்மா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனா. இப்படியும் ஒரு பிள்ளையைத் தன் தாயிலேயே அருவருக்கப் பண்ணலாம், அதற்கு இரண்டு சிவப்புக் கோடு போதும்.

ஆனால் வேலையில் அவளை அசைக்க முடியவில்லை. பேராசிரியரின் செய்முறையில் ஒவ்வொரு பூச்சையும் நூற்றைம்பது பாகையில் காயவைத்து, பத்துப் பூச்சு முடிந்தபின் உலையில் வைப்பார்கள். அதில்தான் பிழை என்று அவள் பிடித்தாள். அந்தச் சூட்டில் கரைப்பானின் மிச்சம் உள்ளே தங்கிவிடுகிறது. பிறகு உலையில் படிகம் முளைக்கிற நேரம் பார்த்து அந்த மிச்சம் ஆவியாகி முட்டிக்கொண்டு வெளியே வர, குச்சிகள் கண்டபாட்டுக்குச் சரிகின்றன. அவள் ஒவ்வொரு பூச்சையும் முந்நூறு பாகையில் பத்து நிமிடம் வைத்தாள். உள்ளே இருக்கிறதெல்லாம் போய்த் தீர்ந்த பிறகே அடுத்த பூச்சு. நாற்பத்தொரு படலம் போட்டாள். பேராசிரியரின் சூட்டில் போட்ட முதல் இருபத்திரண்டும் ஒன்றுக்கும் உதவாது. கடைசிப் பத்தொன்பதுக்கும் கொழும்பிலிருந்து வரைபு வந்தபோது நடுக்கூர் மட்டும் தனியே ஓங்கி நின்றது.

பேராசிரியர் வரைபைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "பாத்தீரோ! எட்டு வருசமா நான் தொண்டைத்தண்ணி வத்தச் சொன்னது. எல்லாம் அடிப்படலத்தின்ரை வேலை." அன்றைக்கே கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார். தலைப்பு, விதைப்படலத்தால் படிகத் திசையைக் கட்டுப்படுத்தல். முந்நூறு பாகைக்கு அதில் அரை வரி கிடைத்தது.

இனிப் படலம் மணத்தைப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பழுதான மீன் வேண்டும். மீனை அந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவர அவளுக்குத் தைரியம் இல்லை. மீன் மணத்தைப் பிடிக்கிற கருவியைச் செய்கிறவள் மீன் கொண்டுவரக் கூடாது, இதுதான் அங்கே நடந்த விஞ்ஞானம். யோசித்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்தது. மீன் நாற்றந்தான் குளிர்சாதனப் பெட்டிக்குள் சும்மா கிடக்கிறதே!

ஒரு வியாழக்கிழமை காலை எல்லோரும் செத்தவீடொன்றுக்குப் போயிருந்தார்கள். ஜெனிற்றா ஒரு கண்ணாடிச் சாடிக்குள் சின்னச் சூடாக்கியை வைத்து, அதன் மேல் தன் படலத்தை வைத்து, வயரை மீற்றரில் கொழுவினாள். பெட்டிக்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சாடிக்குள் வைத்து மூடினாள். வெள்ளிப் பசைக் குழாய். மீற்றர் அசையவில்லை. யாரோ மறந்துபோன கண் மருந்து. அசையவில்லை. பசை டப்பா, மெழுகுத்தாள், ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியாக மேல் தட்டில் மண்ணிறப் போத்தல் இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு எடுத்தாள். சாடிக்குள் வைத்து மூடி, வாய்க்குள் பத்து எண்ணுவதற்குள் மீற்றரின் இலக்கம் மளமளவென்று இறங்கியது.

மூன்று தரம் செய்து பார்த்தாள். மூன்று தரமும் அதே இறக்கம். பிறகு மூடியைத் திருகினாள். மூடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. உள்ளே கரைசல் என்று ஒன்று இல்லை. மஞ்சள் பிடித்த கட்டியொன்று அடியில் இறுகிப்போய்க் கிடந்தது. கரைசல் திரளாமல் இருக்கச் சேர்க்கிற அமைன் என்கிற சாமான் பழுதாகி, மூக்கைப் பொத்துகிற அளவுக்கு அழுகல் மீன் நாற்றம் நாறியது. அவளுக்கு அழுகை வரவில்லை. குழாயடிக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள். அங்கேதான் ஒரு வருடமும் இரண்டு மாதமும் கைதேய்த்தவள்.

மறுநாள் நிருஷனை மறித்தாள்.

"நிருஷன் அண்ணை, உந்த விதைப் போத்தில் எப்ப இறுகினது?"

அவன் முதலில் அறைக் கதவைத்தான் பார்த்தான். "போன வருசம் ஆடியிலை. ரெண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததெல்லோ. மூடியும் நான் சரியா இறுக்கேல்லை."

"நான் முதல் படலம் போட்டது ஆவணியிலை. அப்ப எனக்குத் தந்த தகடுகள்?"

"கழுவிப்போட்டுத் தந்தனான்."

"வெறுங் கண்ணாடி."

"சேருக்குத் தெரிஞ்சால் என்னை உயிரோடை விடமாட்டார், ஜெனிற்றா. நீர் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். உமக்கு நல்ல முடிவு வந்ததுதானே, பேந்தென்ன?"

"பிரிட்ஜ் நாறினது எதாலை எண்டும் உங்களுக்குத் தெரியும்?"

அவன் மறுபடி அறைக் கதவைப் பார்த்தான்.

"கதவிலை ஒட்டினது ஆர்?"

"சேர் ஒட்டச் சொன்னவர்."

"சிவப்புக் கோடு?"

நிருஷன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழுகின போத்தலின் நாற்றத்தைக்கூட அவளால் தாங்க முடிந்தது. இந்த மனிதன் பக்கத்தில் நிற்பதைத் தாங்க முடியவில்லை. விலகி, காற்றுப் படுகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றாள்.

அங்கே நின்றுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. கண்ணாடிக்கு ஒழுங்கென்று ஒன்று கிடையாது. உள்ளே அணுக்கள் வரிசையில்லாமல் கிடக்கிற சாமான் அது. பரம்பரையும் இல்லை, அடியும் இல்லை. அதன் மேல்தான் அவளுடைய படிகங்கள் பத்தொன்பது தரம் நிமிர்ந்து நின்றிருக்கின்றன, சூட்டைச் சரியாகக் கொடுத்ததால் மட்டும். அவள் போத்தலைத் தொடக்கூடாது என்று விலக்கிவைத்ததுதான் பேராசிரியரின் கொள்கையைப் பொய்யாக்கி விட்டது. அவளையே பூச விட்டிருந்தால் கரைசல் இறுகியதை அன்றைக்கே கண்டு சொல்லியிருப்பாள், புதிதாகக் கலக்கியிருப்பார்கள், உண்மை வெளியே வந்தே இருக்காது.

அன்று பின்னேரம் அவள் கொப்பி முழுவதையும் பிரதி எடுத்தாள். ஒரு கடிதம் எழுதினாள். இரண்டையும் கொண்டுபோய் நிலையத்தின் இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டுரையை முடிக்கவென்று பேராசிரியர் அவளையும் நிருஷனையும் கோப்பாய் வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார். திங்கள் அனுப்பிவிட வேண்டுமாம். ஜெனிற்றாவின் பையில் கொப்பியும், மூன்று பொலித்தீன் பையில் சுற்றிய போத்தலும் இருந்தன. நிருஷன் முதலே வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தான். பேராசிரியரின் மனைவி உதயகலா தட்டம் கொண்டுவந்தா. பூப்போட்ட கோப்பையில் பேராசிரியருக்குத் தேத்தண்ணி. பூப்போட்ட கோப்பையில் நிருஷனுக்குத் தேத்தண்ணி. ஜெனிற்றாவுக்குக் கடையில் வாங்கிய தோடம்பழச் சோடாப் போத்தல், மூடி திறவாதபடி.

"வெயிலுக்கை வந்தனீர், குளிரக் குடியும்," என்றா உதயகலா. பழுதில்லாத பேச்சு. குருநகர் வாய் படுகிற கோப்பை அந்த வீட்டில் இல்லை என்பதைச் சொல்ல அதைவிட இனிமையான வழி கிடையாது. ஜெனிற்றாவின் தகப்பனுக்கும் இந்த ஊர்களில் சோடாதான் கொடுத்தார்கள். அப்போது கண்ணாடிப் போத்தல், இப்போது பிளாஸ்ரிக். அவ்வளவு முன்னேற்றம்.

பேராசிரியர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். "தலைப்புச் சரிதானே?"

"பிழை சேர். இதிலை விதைப்படலமே இல்லை. என்ரை நாப்பத்தொரு படலமும் வெறுங் கண்ணாடியிலை வளந்தது."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?"

அவள் பொலித்தீனை ஒவ்வொன்றாக அவிழ்த்து, போத்தலை மேசையில் வைத்து, மூடியைத் திறந்தாள். நிருஷன் கோப்பையைக் கீழே வைத்தான். நாற்றம் விறாந்தையை நிறைத்துக்கொண்டு உள்ளே போனது.

"ஆரது! கந்தசட்டி விரத வீட்டுக்குள்ளை ஆர் மீன் கொண்டுவந்தது?" உதயகலா வாசலுக்கு வந்துவிட்டா. அவவின் கண் மேசையைப் பார்க்கவில்லை. நேரே ஜெனிற்றாவைத்தான் பார்த்தது.

"மீன் இல்லை, அன்ரி. சேரின்ரை போத்தில்."

பேராசிரியர் போத்தலுக்குள் எட்டிப் பார்த்தார். நிருஷனைப் பார்த்தார். முகம் கறுத்தது. ஒரு பிழையை ஒப்புக்கொள்ளப்போகிற மனிதனின் முகம் என்று ஜெனிற்றா ஒரு கணம் நம்பினாள். நம்பியதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்னிலேயே கோபம் வரும். ஏனென்றால் அந்த முகம் மெல்ல மெல்லத் தெளிந்து, சிரிக்கவும் செய்தது.

"பரவாயில்லை, கண்டுபிடிச்சிட்டீர். நான்தான் வேணுமெண்டு வெறுங் கண்ணாடி குடுப்பிச்சனான். ஒப்பீட்டுக்கு. உமக்கு முதலே சொன்னால் முடிவிலை பாரபட்சம் வந்திடும். என்ன நிருஷன்?"

"ஓம் சேர்," என்றான் நிருஷன், உடனே.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவே பேராசிரியர் தலைப்பை அழித்தார். விதைப்படலமின்றிப் படிகத் திசையைக் கட்டுப்படுத்தல் என்று அடித்தார். எட்டு வருடக் கொள்கை எட்டு விநாடியில் போயிற்று. கீழே பெயர்கள் முன்பு இருந்தபடியே இருந்தன: பஞ்சலிங்கம், நிருஷன், ஜெனிற்றா. சத்தி எடுத்ததைத் திரும்ப அள்ளித் தின்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அதை இந்த மனிதர் ருசித்துத் தின்றார்.

அவள் கொப்பியைத் திறந்து பிடித்தாள். "ஒவ்வொரு கிழமையும் 'விதைப்படலம் உண்டு' எண்டு நான் எழுத, கீழை நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறியள். இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டோ வைச்சனீங்கள்?"

"உம்மடை பட்டத்துக்குக் கையெழுத்து வைக்கிறதும் நான்தான். அது ஞாபகமிருக்கட்டும்."

"இருக்கு சேர். அதுதான் வெள்ளிக்கிழமையே வேறை வழிகாட்டி கேட்டு எழுதிக் குடுத்திட்டன். இந்தக் கொப்பியின்ரை பிரதியும் இயக்குநரிட்டை இருக்கு. தகடு ஏன் வெறுமையாக் கிடந்தது, போத்திலை நான் ஏன் தொடக்கூடாது, நீங்கள் சொன்ன சொல்லு மாறாமல் எழுதியிருக்கிறன். பட்டம் ஒரு வருசம் பிந்தும். பிந்தட்டும்."

பேராசிரியர் கதிரையை விட்டு எழும்பினார். இப்போது சிரிப்பு இல்லை. "கொண்டாரும் அந்தக் கொப்பியை. திருத்தவேண்டியது இருக்கு." சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

ஜெனிற்றா கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னுக்கு வைத்தாள்.

"தொடாதேங்கோ சேர். உங்கடை கையிலை உப்பு இருக்கும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் பையைக் கொழுவிக்கொண்டு படியிறங்கினாள். சோடாப் போத்தல் மூடி திறவாமலே மேசையில் இருந்தது. மற்றப் போத்தலை அவள் மூடவில்லை.